தற்காலிக ஏற்பாடு

உங்கள் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் இருக்கிறதா? பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். நாளைக் காலை அதை ஆன் செய்யும்போது ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்துகிற அந்தக் கணத்தில், உள்ளே இருக்கும் சிப்புக்குத் தான் யார் என்பதே ஞாபகம் இருக்காது. கோடிக்கணக்கில் டிரான்சிஸ்டர்களை வைத்துக்கொண்டு, தன்னை 1978-ம் வருஷத்து சிப் என்று நினைத்தபடி கண் விழிக்கும். பிறகுதான் யாரோ தோளைத் தட்டி, 'காலம் மாறிடுச்சுப்பா' என்று சொன்னமாதிரி படிப்படியாக ஏறி இன்றைய தேதிக்கு வந்து சேரும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

அந்த 1978 சிப்பின் பெயர் 8086. அதைச் செய்தவர்கள் அதை ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள். நம் ஊரில் 'தற்காலிகப் பேருந்து நிலையம்' என்று போர்டு மாட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் அதே அர்த்தம்தான்.

கதை ஒரு கால்குலேட்டரில் ஆரம்பிக்கிறது. 1969-ல் பிசிகாம் என்கிற ஜப்பானிய கால்குலேட்டர் கம்பெனி, கலிஃபோர்னியாவில் பிறந்து ஒரு வயதுகூட நிறையாத இன்டெலிடம் வந்தது. எங்கள் கால்குலேட்டருக்கு டஜன் சிப் தேவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலை செய்யவேண்டும், செய்து தர முடியுமா? இன்டெல் அப்போது நினைவகச் சிப் செய்கிற கம்பெனி. டஜன் சிப்பை டிசைன் செய்ய அவர்களிடம் ஆள் கிடையாது. டெட் ஹாஃப் என்ற பொறியாளர் யோசித்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிப் எதற்கு? எந்த வேலையைச் சொன்னாலும் செய்கிற மாதிரி ஒரே ஒரு சிப், அதற்குத் துணையாக இன்னும் மூன்று. போதாதா?

யோசனை பிரமாதம். ஆனால் அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒரு துரும்பும் அசையவில்லை. 1970 ஏப்ரலில் பிசிகாமின் மாசடோஷி ஷிமா, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஜப்பானிலிருந்து வந்து இறங்குகிறார். அவரை எதிர்கொண்டவர் ஃபெடரிக்கோ ஃபாஜின். இத்தாலிக்காரர். வேலைக்குச் சேர்ந்தே ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஷிமாவுக்கு வந்ததே கோபம். கத்தித் தீர்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அங்கேயே தங்கி, ஃபாஜினுடன் சேர்ந்து அரை வருஷம் வேலை பார்த்தார். பொருள் வாங்க வந்தவர் கடைக்குள்ளே புகுந்து தராசு பிடித்த கதை.

4004 பிறந்தது. 2,300 டிரான்சிஸ்டர்கள். ஓரத்தில் ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தார்.

இதற்குள் கால்குலேட்டர் விலை சந்தையில் சரிய ஆரம்பித்துவிட்டது. பிசிகாம், சிப் விலையைக் குறைக்கச் சொன்னது. சரி, குறைக்கிறோம், பதிலுக்கு இந்தச் சிப்பை கால்குலேட்டர் தவிர்த்த மற்ற வேலைகளுக்கு வெளியே விற்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றது இன்டெல். டிசைன் செலவுக்காக வாங்கியிருந்த 60,000 டாலரையும் திருப்பிக் கொடுத்தது. 1971 நவம்பரில் 4004 பகிரங்கமாக விற்பனைக்கு வந்தது. பிசிகாம் 1974-ல் திவால். நான் பி.காம். படித்தவன். சொத்து மதிப்பீடு என்று அதில் ஒரு பாடமே உண்டு. 60,000 டாலருக்குக் கைமாறிய அந்த உரிமையை எந்தத் தலைப்பில் எவ்வளவுக்கு எழுதுவது என்று எந்தக் கணக்காளருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம். டேட்டாபாயின்ட் 2200 என்று மேஜையில் வைக்கிற மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் மூளையை ஒரே சிப்பில் அடக்கித் தர முடியுமா என்று இன்டெலிடம் கேட்டார்கள். கட்டளைகள் என்னென்ன, எண்களை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் இவர்கள் வகுத்தது. சிப்பில் வார்ப்பது மட்டும் இன்டெல் பொறுப்பு. இன்டெல் இழுத்தடித்தது. பொறுத்துப் பார்த்த கம்பெனி, கடையில் கிடைக்கிற சாதாரணச் சிப்புகளை ஒரு போர்டில் அடுக்கி மெஷினை முடித்துவிட்டது. பிறகு இன்டெலின் சிப் தயாரானபோது, அது அந்த போர்டைவிட மெதுவாக ஓடியது! எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பணம் மட்டும் கேட்காதீர்கள் என்று விலகிவிட்டார்கள். இன்டெலும் சரி என்றது. 1972-ல் அது 8008 என்று விற்பனைக்கு வந்தது.

ஆக, இன்டெலின் மிகப்பெரிய குடும்பத்தின் கொள்ளுத் தாத்தா, வராத பணத்துக்கு ஈடாக வந்து சேர்ந்தவர்.

அவர் விட்டுச்சென்ற ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பேப்பரில் கூட்டல் போடும்போது நீங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்? ஒன்றாம் இடத்திலிருந்து. டேட்டாபாயின்ட் மெஷினும் அப்படித்தான். விலை மலிவான சுற்று என்பதால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பிட்டைத்தான் கூட்டும். எனவே எண்ணின் கடைசிப் பகுதி முதலில் கைக்கு வந்தால் அதற்கு வசதி. அதனால் பெரிய எண்களைத் தலைகீழாக, கடைசிப் பகுதி முன்னால் வருகிற மாதிரி அடுக்கி வைத்தார்கள். 8008 எட்டு பிட்களை ஒரே வீச்சில் கூட்டிவிடும், அதற்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் டேட்டாபாயின்ட்டுக்காகச் செய்ததால் அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் பிள்ளை 8080 அப்படியே. பேரன் 8086 அப்படியே. இன்று நீங்கள் வாங்குகிற இன்டெல் சிப்பும் எண்களை அப்படித்தான் அடுக்குகிறது. டெக்சஸில் அரை நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ சிக்கனம் பிடித்ததன் மிச்சம்.

8080 வந்தது 1974-ல். விலை 360 டாலர். மறு வருடம் இதை வைத்து ஆல்டேர் என்றொரு கம்ப்யூட்டரை, நீங்களே வீட்டில் பூட்டிக்கொள்ளுங்கள் என்று சுமார் 400 டாலருக்கு விற்றார்கள். அதற்கு பேசிக் மொழி எழுதித் தருகிறோம் என்று போய் நின்ற இரண்டு இளைஞர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். அது தனிக்கதை.

நமக்கு முக்கியம், இங்கே வீடு இரண்டுபட்டது. 8080-ஐ முன்னின்று செய்த ஃபாஜின் மனக்கசப்போடு வெளியேறி ஸைலாக் என்ற கம்பெனி ஆரம்பித்தார். அதற்குள் இன்டெலுக்கே வேலைக்கு வந்துவிட்டிருந்த ஷிமாவும் பின்னாலேயே போனார். இருவரும் சேர்ந்து 1976-ல் ஸி-80 என்றொரு சிப்பை இறக்கினார்கள். 8080-க்காக எழுதிய புரோகிராம்கள் எல்லாம் இதிலும் ஓடும். கூடுதல் வசதிகளும் உண்டு. பழைய கடையின் வாடிக்கையாளர் அத்தனை பேரையும், வீடு மாற வேண்டாம், கடையை மட்டும் மாற்றுங்கள் என்று கூப்பிடுகிற வேலை. கூட்டம் அம்மியது.

மோட்டோரோலா வீட்டிலும் இதே கூத்து. அங்கே 6800 சிப் அணியில் இருந்த சக் பெட்டில், விலையைக் குறைக்கச் சொல்லிப் பார்த்து வெறுத்துப்போய், சிலரோடு பென்சில்வேனியாவில் இருந்த மாஸ் டெக்னாலஜிக்குப் போனார். 1975 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மின்னணுக் கண்காட்சி. 6502 என்ற சிப் 25 டாலருக்குக் கிடைக்கும் என்று விளம்பரம். 360 எங்கே, 25 எங்கே! கண்காட்சி அரங்கில் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டில் பக்கத்து ஹோட்டலில் அறை எடுத்தார். பெரிய கண்ணாடி ஜாடி நிறைய சிப். மிட்டாய்க் கடை மாதிரி, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். ஜாடியில் மேலாக இருந்தவைதான் வேலை செய்யும், அடியில் கிடந்ததெல்லாம் பழுது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அன்று வாங்கியவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர். முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது அந்த 6502-தான்.

இப்போது இன்டெலின் நிலைமையைப் பாருங்கள். ஒருபக்கம் ஸி-80, இன்னொருபக்கம் 6502. இன்டெல் என்ன செய்துகொண்டிருந்தது? கோட்டை கட்டிக்கொண்டிருந்தது. எதிர்காலத்துக்கான சிப், பழசையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து யோசித்தது, 32 பிட், மகா புத்திசாலி. பின்னாளில் அதற்கு ஐஏபிஎக்ஸ் 432 என்று பெயர் வைத்தார்கள். 1975-ல் ஆரம்பித்தார்கள். முடிகிற வழியாகத் தெரியவில்லை. கோட்டை எழும்பும்வரை ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டுமல்லவா?

1976 மே மாதம் அந்தக் கொட்டகை வேலை ஸ்டீபன் மோர்ஸ் என்பவரிடம் போனது. அவர் சிப் டிசைனர்கூட இல்லை, மென்பொருள்காரர். இந்தச் சிப் இத்தனை தலைமுறை வாழும் என்று நிர்வாகத்துக்கு லேசாகத் தெரிந்திருந்தாலும் இதை ஒற்றை ஆளிடம் விட்டிருக்கமாட்டார்கள் என்று அவரே பிற்பாடு சொன்னார். அவருக்கு ஒரு நிபந்தனை. 8080-க்கு எழுதிய புரோகிராம்களை அதிகச் சிரமமில்லாமல் புதியதற்கு மாற்ற வரவேண்டும்.

அந்த நிபந்தனையால் வந்த ஒரு கோணலைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 8080-க்கு 64 கேபி நினைவகம்தான் எட்டும். புதியது அதைப்போலப் பதினாறு மடங்கு, அதாவது ஒரு எம்பி வரை எட்டவேண்டும். பழைய வழக்கத்தையும் விடக்கூடாது. மோர்ஸ், தெரு எண்ணும் கதவு எண்ணும் மாதிரி இரண்டு எண்களைச் சேர்த்து ஒரு முகவரி என்று வைத்தார். ஆனால் தெருக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. விளைவு, ஒரே வீட்டுக்கு 4,096 முகவரி வரை இருக்கலாம். எந்த போஸ்ட்மேனும் ராஜினாமா செய்துவிடுவார். அடுத்த பத்து, பதினைந்து வருடம் உலகெங்கும் புரோகிராமர்கள் இதைத் திட்டிக்கொண்டே எழுதினார்கள்.

1978 ஜூனில் 8086 வெளியானது. 29,000 டிரான்சிஸ்டர்கள். அடுத்த வருடம் அதற்கு ஒரு மலிவுப் பதிப்பு, 8088. உள்ளே அதே 16 பிட் மூளை, வெளியே போய்வருகிற வழி மட்டும் எட்டு பிட். நான்கு வழிச்சாலைக்கு இரண்டு வழி டோல்கேட். ஆனால் சுற்றியிருக்கும் பாகங்களை விலை குறைந்த பழைய வகையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

1979-ல்தான் மோட்டோரோலாவின் 68000-மும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகான சிப். தெரு, கதவெண் வம்பெல்லாம் இல்லை. நேராக 16 எம்பி எட்டும். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தார்கள். இன்டெல் பயந்துபோய் ஒரு விற்பனைப் போர் அறிவித்தது. ஆபரேஷன் கிரஷ். நசுக்கு என்று அர்த்தம். எங்கள் சிப் சிறந்தது என்று சொல்லவேண்டாம், எடுபடாது. எங்களிடம் துணைச் சிப்புகள் இருக்கின்றன, பயிற்சி இருக்கிறது, அடுத்து வரப்போகிற சிப்புகளின் பட்டியல் இருக்கிறது, கடைசிவரை கூட இருப்போம் என்று சொல்லுங்கள். ஒரு வருடத்தில் 2,000 தயாரிப்புகளில் நம் சிப் இடம்பிடிக்கவேண்டும் என்பது இலக்கு. 2,500 கிடைத்தது.

அதில் ஒன்று ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில், ஐபிஎம்மின் ஒரு சின்னக் குழு. தலைவர் டான் எஸ்ட்ரிட்ஜ். ஒரே வருடத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் செய்து முடிக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எல்லாவற்றையும் தானே செய்து பழகிய ஐபிஎம், நேரமில்லாததால் கடையில் கிடைப்பதை வாங்கிக் கோத்தது. 68000 நல்லதுதான், ஆனால் கேட்ட அளவுக்குக் கேட்ட தேதியில் கிடைக்குமா என்று சந்தேகம். 8088 கையில் இருக்கிறது. துணைப் பாகங்கள் மலிவு. இன்டெலின் முந்தைய சிப் ஒன்றில் இந்தக் குழுவுக்குக் கைப்பழக்கமும் உண்டு. முடிந்தது. 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐபிஎம் பிசி வெளியானது. ஆரம்ப விலை 1,565 டாலர். உலகம் அதைப் பார்த்துக் காப்பியடித்தது.

கோட்டை என்ன ஆயிற்று? 432-ம் அதே 1981-ல்தான் வெளிவந்தது. ஆமை வேகம். வாங்க ஆளில்லை.

இங்கே ஒரு வியாபார விஷயம். ஐபிஎம் ஒரே கடையை நம்பி வியாபாரம் செய்யாது. அதே சிப்பை இன்னொருவரும் தயாரிக்கவேண்டும், அப்போதுதான் ஒருவர் கைவிட்டாலும் வண்டி ஓடும். 1982-ல் இன்டெல் தன் சிப் டிசைன்களை ஏஎம்டியோடு பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டது. பின்னால் வரப்போகும் தலைவலிக்கெல்லாம் அந்தக் காகிதம்தான் ஆரம்பம்.

ஏன் யாராலும் இந்தக் கோணல் குடும்பத்தை விட்டு வெளியேற முடியவில்லை? எனக்குத் தெரிந்த பதில் புத்தகத்தில் படித்ததல்ல. பட்டம் வாங்கிய கையோடு சில மாதம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். புது பென்டியம் மெஷின் வந்து இறங்கியது. பூட்டித் தந்த பையன் வேகம், மெமரி, கலர் மானிட்டர் என்று என்னென்னவோ அடுக்கினான். ஆடிட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நம்ம பழைய கணக்கு புரோகிராம் இதுல ஓடுமா?"

ஓடியது. அதனால் வாங்கினார். ஓடாது என்றிருந்தால், அதைவிடப் பத்து மடங்கு நல்ல மெஷினையும் திருப்பி அனுப்பியிருப்பார். போன வருடப் பேரேட்டின் கடைசி இருப்புதான் இந்த வருடப் பேரேட்டின் முதல் வரி. அதை அழித்துவிட்டு அழகாகப் புதுக்கணக்கு தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் எந்த வியாபாரி சம்மதிப்பார்?

இதற்காக என்னென்ன கோமாளித்தனம் செய்தார்கள் தெரியுமா? 8086-ல் ஒரு எம்பியைத் தாண்டி முகவரி கொடுத்தால் அது சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அது ஒரு குறை. ஆனால் சிலர் அந்தக் குறையை நம்பியே புரோகிராம் எழுதிவிட்டார்கள். 286 சிப்பில் அந்தக் குறை இல்லை. 1984-ல் ஐபிஎம் அதை வைத்து ஏடி கம்ப்யூட்டர் செய்தபோது, பழைய புரோகிராம் குழம்பக்கூடாதே என்று, இல்லாத குறையைச் செயற்கையாக உண்டாக்க ஒரு வாசல்கதவு போட்டார்கள். கதவைத் திறந்து மூடும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? கீபோர்டைக் கவனித்துக்கொள்ளும் சிப்பிடம். அதில் ஒரு கால் சும்மா இருந்ததாம்.

1985-ல் 386 வந்தது. 32 பிட், 2,75,000 டிரான்சிஸ்டர்கள். இந்தமுறை ஏஎம்டிக்குப் பங்கு கிடையாது என்று இன்டெல் கையை விரித்தது. ஒப்பந்தம் இருக்கிறதே என்று ஏஎம்டி மத்தியஸ்தத்துக்குப் போனது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. நடுவில் 1986-ல் காம்பாக் என்ற கம்பெனி ஐபிஎம்மையே முந்திக்கொண்டு 386 கம்ப்யூட்டர் வெளியிட்டது. அன்றோடு மெஷினின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் சிப்பின் எண் முக்கியமாகிவிட்டது. 1991-ல் ஏஎம்டி தன் சொந்த 386-ஐக் கொண்டு வந்தது. இன்டெலுடையதைவிடக் கொஞ்சம் வேகமும் அதிகம். அந்த எண் எங்களுடையது என்றது இன்டெல். 386 என்பது பொதுவழக்காகிவிட்டது, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம்.

அதனால்தான் 586 வரவில்லை. 1993-ல் வந்த சிப்புக்கு, கிரேக்க மொழியின் ஐந்தை வைத்து பென்டியம் என்று பெயர் சூட்டினார்கள். பெயருக்கு உரிமை வாங்கலாமே! அந்தச் சிப்பின் பின்னால் இருந்த முக்கியமானவர் புனேயில் பிறந்த வினோத் தாம். அவரும் 1995-ல் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற கம்பெனிக்குப் போக, அதை யார் வாங்கினார்கள் என்கிறீர்கள்? ஏஎம்டிதான்.

இன்டெலுக்குக் கோட்டை ஆசை மட்டும் போகவில்லை. எச்பியோடு சேர்ந்து, பழசைத் தலைமுழுகிவிட்டு 64 பிட்டில் இட்டானியம் என்று 2001-ல் ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய புரோகிராம்கள் அதில் தவழ்ந்தன. 2003-ல் ஏஎம்டி, பழைய கொட்டகைமேலேயே இன்னொரு மாடி எழுப்பி, பழசும் ஓடும், 64 பிட்டும் ஓடும் என்றது. கூட்டம் அங்கே போனது. மறு வருடமே இன்டெலும் அதே வழிக்கு வந்து சேர்ந்தது. ஒருகாலத்தில் தன் டிசைனை வாங்கித் தயாரித்தவனின் டிசைனை, தான் எடுத்து ஆளவேண்டியதாயிற்று. கடைசி இட்டானியம் 2021-ல் அனுப்பப்பட்டது.

உங்கள் செல்போனுக்குள் இருப்பது இந்தக் குடும்பம் இல்லை. அது ஆர்ம், இங்கிலாந்தில் 6502-ஐ வைத்து பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரைச் செய்த ஏகார்ன் நிறுவனத்துப் பொறியாளர்கள் 1985-ல் உருவாக்கிய வம்சம். ஆப்பிள் 2020-ல் இன்டெலை விட்டு அந்தப் பக்கம் போனது. ஜாடி மிட்டாயின் செல்வாக்கு அப்படி.

2023-ல் இன்டெல் ஒரு யோசனை சொன்னது. சிப் எழுந்திருக்கும்போது 1978-ல் கண் விழிக்கிற இந்தச் சடங்கையெல்லாம் எடுத்துவிட்டு, நேராக 64 பிட்டிலேயே விழிக்கவைத்தால் என்ன? எக்ஸ்86எஸ் என்று பெயரிட்டு விவரமெல்லாம் வெளியிட்டார்கள். 2024 அக்டோபரில் இன்டெலும் ஏஎம்டியும், நாற்பது வருடச் சண்டையைத் தள்ளிவைத்து, குடும்பத்தின் எதிர்காலத்தைப் பேச ஒரே குழுவில் உட்கார்ந்தன. அந்த டிசம்பரில் எக்ஸ்86எஸ் திட்டம் கைவிடப்பட்டது.